புழு போன மறுநாள் சிமென்ட்

கொல்லைப்புறத்துக்குச் சிமென்ட் தளம் போட்டே தீருவது என்று டிரைவிங் மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். பாடம் நடத்தும் கார் பாவம், தெருவில் நின்று வெயிலில் காய்கிறது. கொல்லையிலோ மனைவி வளரவிட்ட தும்பையும் குப்பைமேனியும் எருக்கும் ராஜாங்கம் நடத்துகின்றன. காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. யார் ஓட்டினாலும் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் அந்த வசதி மனைவி பக்கம்.

“கொத்தனாருக்குச் சொல்லப் போறேன்.”

“தாராளமா சொல்லுங்களேன்.”

சண்டைக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவருக்குச் சப்பென்று போய்விட்டது.

“எருக்கஞ்செடியில வண்ணத்துப்பூச்சிப் புழு இருக்கு. அதுங்க மட்டும் பறந்து போயிடட்டும்.”

“எப்பப் போகும்?”

“அதைப் புழுவைத்தான் கேக்கணும்.”

“சரி. செடியில புழு இல்லேன்னா மறுநாளே சிமென்ட். நான் சொன்னா சொன்னதுதான்.”

கொத்தனாரிடமும் தெரு முழுக்கவும் இதையே தம்பட்டம் அடித்தார்.

அதிலிருந்து தினமும் பல் விளக்கியபடியே புழு விசாரணை. ஒன்று கூடு கட்டினால் இன்னொன்று முட்டையிலிருந்து வந்துவிடும். முதலில் திட்டினார். பிறகு, “என்ன, இன்னிக்கு சரியா சாப்பிடலையா?” என்று குசலம் கேட்டார். ஒரு காலை, கூடு பிளந்து கசங்கிய சிறகோடு ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. சிறகு காய்ந்து அது பறக்கும்வரை மாஸ்டர் நகரவில்லை. வாயில் பிரஷ் அப்படியே இருந்தது. அந்தப் பாழாய்ப்போன கொல்லை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. வெளியே சொல்லத்தான் மானம் தடுத்தது.

மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் பார்த்தால் செடியில் ஒரு புழுகூட இல்லை. இலை இலையாகப் புரட்டினார். போன் அடித்தது.

“என்னங்க, புழு இருக்கா?”

“இன்னும்… பார்க்கல.”

“பாருங்க. இல்லேன்னா நாளைக்குக் கொத்தனார் வந்துடுவாரு. நீங்க சொன்னா சொன்னதுதானே.”

மாஸ்டர் போனை வைத்துவிட்டு இன்னொரு தரம் இலைகளைப் புரட்டினார். நாளைக்குக் கொல்லை போய்விடும். வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொன்னாலோ, தெருவே சிரிக்கும். அப்போதுதான் மூளை வேலை செய்தது. மனைவி வீடு வீடாகக் கன்று கொடுத்ததில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலிலும் ஓர் எருக்கு நிற்கிறது. ஒரு புழுவைக் கடன் வாங்கி வந்து விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு போனார்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்மா. உங்க செடியில புழு கிழு ஏதாவது…”

தையல்காரம்மா உள்ளே போய், மூடியில் ஓட்டை போட்ட டப்பாவோடு வந்தாள்.

“எடுத்து வச்சுட்டேன்ணே. நீங்க வருவீங்கன்னு அக்கா கிளம்பும்போதே சொல்லிட்டுப் போனாங்க.”

மாஸ்டர் டப்பாவை வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தார்.

“அப்புறம்ணே, கொத்தனார் நாளைக்கு வர்றாராம். தளம் போட இல்ல. குருவிக்குத் தண்ணித் தொட்டி கட்ட. அக்கா போன வாரமே பேசி முடிச்சுட்டாங்க.”