மலை வராமல் படம் கிடையாது

"கவுன் வாடகைக்குக்கூட கிடைக்குதும்மா. டிகிரி நெஜமாவே வாங்குனியா?"

பட்டமளிப்பு விழா முடிந்த அன்று மாலை, கறுப்பு அங்கியைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு படம் எடுப்பது பற்றிப் பேசப் போன என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் குல்லா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. அதை நிமிர்ந்து நின்று சொன்னேன். "சந்தோஷம்" என்றார், பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்பாரே, அந்தக் குரலில்.

திருவண்ணாமலை அக்கினித் தலம். சாமியே நெருப்பாக நின்ற ஊர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, குளிரை மட்டுமே நம்பிய ஒரே மனிதர் குல்லா. உலகத்தில் பனிமலை இரண்டு. ஒன்று இமயமலை, மற்றது எங்கள் மலை. இது அவருடைய புவியியல்.

அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில் அவர் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் நாளிலும் தலையில் பழுப்பு நிறக் குரங்குக் குல்லா இருக்கும். கண், மூக்கு, மீசை மட்டும் வெளியே தெரியும். அவருடைய காதை நேரில் பார்த்தவர்கள் ஊரில் கிடையாது.

ஸ்டூடியோவுக்குள் அவர் பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டும்தான் எடுப்பார், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "கூரைக்குக் கீழ எடுத்தா அது படம் இல்ல, ஆதார் கார்டு" என்பார். நல்ல படம் என்றால் திறந்த வெளி, விடியற்காலை, மார்கழி. மற்ற மாதங்களில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். வைகாசியில் ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதல் பிறந்தநாள் படத்துக்கு வந்தார்.

"மார்கழில வா."

"கொழந்தைக்கு இப்பதாண்ணே ஒரு வயசு ஆவுது."

"மார்கழிலயும் அதே ஒண்ணுதான். கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

மார்கழி பிறந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தை மட்டும் கத்தரித்துவிட்ட கம்பளிக் கையுறை. படம் எடுக்கப்படுகிறவர்களுக்கோ ஒரு துண்டுகூட அனுமதி இல்லை. "கம்பளி போட்டுக்கினா கல்யாண ஆல்பமா அது? ஆஸ்பத்திரி வார்டு" என்று எல்லாவற்றையும் பிடுங்கி ஸ்கூட்டரில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். புல்லில் இருக்கும் பனித்துளியைக் காட்டி "பாரு, ஐஸு" என்பார். செல்போனில் இருபது டிகிரி என்று காட்டினால், "அதுக்கு இன்னா தெரியும்? அது உன் பாக்கெட்ல சூடா கீது" என்பார்.

அவருடைய பேட்டரி விவகாரம் ஊரறிந்தது. குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறார். பனி கொட்டும் நாடுகளில் அது உண்மையாக இருக்கலாம். எங்கள் ஊர்க் குளிரில் எந்தப் பேட்டரியும் சாகாது. அவருடையது கிழப் பேட்டரி, தானாகவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் மாற்றுப் பேட்டரியை எப்போதும் உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். யார் உடம்பு? வாடிக்கையாளருடையது.

வேங்கிக்காலில் ஓர் அரசு ஊழியர் கல்யாணத்துக்கு முன்னால் தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். குல்லா அவர் அக்குளில் பேட்டரியைச் செருகி, "கீழ விழுந்தா ஆல்பம் கெடயாது" என்று எச்சரித்துவிட்டார். மாப்பிள்ளை ஏரிக்கரையில் நிற்கிறார், புளியமரத்தில் சாய்கிறார், பூவை முகர்கிறார். எல்லாப் படத்திலும் இடது கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்தவர் போல. ஆல்பத்தைப் பார்த்த பெண்ணின் அத்தை, "பையனுக்குக் கைல இன்னா கொற?" என்று கேட்டுவிட்டார். மண்டபத்தில் மாப்பிள்ளை சாம்பார் வாளியை இடது கையால் தூக்கிக் காட்டிய பிறகுதான் மேளம் கொட்டியது.

இப்படிப்பட்டவரிடம் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். எல்லாம் அம்மாவால். மற்ற ஸ்டூடியோக்களில் பின்னால் துணி தொங்கவிடுவார்கள். ஒன்றில் அருவி, ஒன்றில் வெளிநாட்டு மாளிகை. அம்மா வேங்கிக்கால் பக்கம் புது வீடுகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவள்.

"தெனம் அடுத்தவங்க மாளிகைக்குத்தான் கல்லு தூக்குறேன். படத்துலயும் அதுவா? நம்ம மலை இருக்கட்டும்" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "நம்ம செவுத்துல சாமி படமும் செத்தவங்க படமுந்தான் கீது. படிச்சவங்க படம் ஒண்ணு மாட்டணும்."

மலையோடு எடுப்பவர் குல்லா ஒருவர்தான். நல்லவேளை, அது மார்கழி. மறுநாள் காலை பத்து மணிக்குள் அங்கியைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும், அப்போதுதான் சான்றிதழ் தருவார்கள். ஆகவே அந்தச் சுவருக்கு ஒரே ஒரு விடியற்காலைதான் இருந்தது.

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேர்க்கடலைக் கொல்லை. நான் அங்கியும் தொப்பியுமாக நின்றேன். ஒரு பக்கம் பட்டுப்புடவையில் அம்மா, மறுபக்கம் வெள்ளைச் சட்டையில் அப்பா. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அப்போதுதான் காய்ச்சல் விட்டு எழுந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து குல்லாவின் இமயமலை நிஜமாகவே இறங்கி வந்துவிட்டது. மூடுபனியில் பக்கத்துக் கொல்லைகூடத் தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை.

"எடுங்கண்ணே."

"மலை வரட்டும்."

விடிந்தது. பால் வண்டி போனது. பள்ளிக்கூட வேன் போனது. மலை வரவில்லை. அம்மாவின் சால்வை மீதும் அப்பாவின் துண்டு மீதும் உட்கார்ந்துகொண்டு குல்லா பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தார். எங்களுக்குக் கொடுக்கவில்லை. டீ குடித்தால் உதடு சிவந்து விடுமாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, எங்க மூஞ்சிய மட்டும் எடுங்க. மலையக் கம்ப்யூட்டர்ல சேத்துக்கலாம்."

அவர் டீயைக் கீழே வைத்தார். "சேத்துக்கலாமே. அப்பிடியே டிகிரியவும் அதுலயே சேத்திருக்கலாம். மூணு வருஷம் எதுக்கு வீணா பஸ்ஸுல போய் வந்த?" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவின் பல் தந்தியடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அங்கியைக் கழற்றினேன்.

"போட்டுக்கோ நைனா" என்று அப்பாவிடம் நீட்டினேன்.

"வாணாம்மா. படிச்சவங்க போடறது. அழுக்காயிடும்."

"கம்முனு போடு."

கையை உள்ளே விட்டார். மூட்டை தூக்கிய தோள் என்பதால், எனக்குத் தொளதொளவென்று இருந்த அங்கி அவருக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. அம்மா என் தலையிலிருந்து தொப்பியைப் பறித்து அவர் தலையில் வைத்தாள்.

"ஜட்ஜு மாதிரி கீறய்யா."

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் இன்னா படிச்சிக்கிறேன்?"

"பி.ஏ. மூட்டை" என்றாள் அம்மா. "நாலு தரம் ஃபெயிலு."

அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. வாயைப் பொத்தாமல் சிரித்தார். அம்மா அவர் தொப்பிக் குஞ்சத்தைச் சரி செய்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்களுக்குப் பின்னால் யாரோ திரையை விலக்கியது போல மலை வந்தது. அடியிலிருந்து உச்சிவரை முழுசாக. குல்லா எழுந்ததையோ, குனிந்ததையோ நான் பார்க்கவில்லை. கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. ஒரே ஒரு முறை. கேமரா அணைந்துவிட்டது. அம்மாவின் இடுப்பில் செருகிவைத்திருந்த மாற்றுப் பேட்டரியை வாங்கிப் போடுவதற்குள் பனி மறுபடியும் மூடிக்கொண்டது.

"அண்ணே, கவுனு அவரு போட்டிருக்காரு. படிச்சது நானு."

"மலை வந்துச்சு, எடுத்துட்டேன். நீ போட்டுக்கினு ரெடியா இருந்திருக்கணும்."

"நான் படத்துல இருக்கேனா இல்லியா?"

"ஓரமா கீற. வாயத் தொறந்துகினு."

அதற்குமேல் காத்திருக்க நேரமில்லை. கல்லூரிவரை பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். என் வாழ்க்கையின் ஒரே பட்டமளிப்புப் படத்தை ஒரு குரங்குக் குல்லா கெடுத்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர் இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை. பெரிதாக்கிய படத்தைக் கொடுக்கும்போதும், "மலைல ஒரு மடிப்பு விடாம வந்துகீது பாரு" என்றுதான் காட்டினார். எங்களைக் காட்டவில்லை.

படம் இப்போது எங்கள் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இன்னாய்யா, எந்த வருஷம் பாஸ் பண்ண?" என்று அப்பாவைக் கிண்டல் செய்கிறார்கள். அவர் துளியும் கூசாமல், "போன மார்கழில" என்கிறார். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது முந்தானையால் கண்ணாடியை ஒரு துடைப்பு துடைத்துவிட்டுத்தான் போகிறாள். ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் அந்தப் பட்டதாரி எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிட்டாள்.

போன வாரம் எம்.ஏ.வில் சேர்ந்தேன். சேர்ந்த கையோடு தேரடி வீதியில் இறங்கி, சந்துக்குள் போய் குல்லாவிடம் சொன்னேன், அந்தப் பட்டத்துக்கும் மலையோடு ஒரு படம் வேண்டும் என்று. அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.