டயருக்குப் போர்த்திய கம்பளி

நடந்தது இவ்வளவுதான்:

1. மூன்று மாதம் ஆராய்ந்து, அப்பாவின் காருக்கு நான்கு பந்தய டயர் வாங்கினேன்.
2. அந்த டயர்களைச் சூடாக்குவதற்காக எங்கள் கரமனை அக்ரஹாரத்து மாமிகளிடம் எட்டு வெந்நீர்ப் பை இரவல் வாங்கினேன்.
3. அம்மாவின் மடிக் கம்பளியை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனேன்.
4. சுமார் ஒரு நிமிடம் கார் ஓட்டினேன்.
5. அன்று சாயங்காலம் காரைப் பற்றி அப்பா ஒரு முடிவெடுத்தார்.

எண் போட்டு எழுதிவிட்டால் எந்தக் கிறுக்குத்தனத்துக்கும் ஒரு திட்டத்தின் களை வந்துவிடுகிறது. இது என் பழைய வியாதி. மெக்கானிக்கல் படித்துவிட்டு, பம்புகளைச் சோதித்து அறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறேன். மளிகைக்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலைச் சரிபார்க்க இன்னொரு பட்டியல் என்று வாழ்கிறவள். பட்டியல் இருந்தால் தப்பு நடக்காது என்று அந்த மார்ச் மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் கார். அப்பாவின் சிவப்புக் கார் சின்னது, ஏழு வயது, எங்கள் தெருவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அவராகவே தீர்மானித்தார். அப்படியானால் கார் யாருக்கு? நான் ஒரு ஆள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், இன்னொரு ஆள். அவரிடம் ஏற்கெனவே ஒரு பெரிய பழைய கார் உண்டு. அது எங்கள் தெருவில் நுழைந்தால் பின்னோக்கித்தான் வெளியே வர முடியும் என்பதால் அவருக்குச் சின்னதின்மேல் ஆசை. "வித்யா ரிவர்ஸ் எடுத்தா நாலாத்துக் கேட்டையும் மாத்தணும், கேட்டேளா" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். (ஒரே ஒரு கேட். அதுவும் கொஞ்சம்தான் வளைந்தது.)

அந்த நேரத்தில்தான் பைபாஸ் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தும் மைதானத்தில், கார் பிரியர்கள் சிலர் சேர்ந்து நேரப் போட்டி நடத்துவதாக ஆபீஸ் குழுவில் செய்தி வந்தது. தரையில் ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து வளைவு வளைவாகப் பாதை போட்டிருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக ஓட்ட வேண்டும். குறைந்த நேரம் எடுப்பவருக்கு ஜெயம். கூம்பைத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விநாடி தண்டனை. நான் பெயர் கொடுத்தேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தானும் வந்து பார்ப்பதாகவும், கார் யாருக்கு என்பதை அதற்குப் பிறகு சொல்வதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது.

நன்றாக ஓட்டிப் பழகியிருக்கலாம். அது சாதாரண ஜனங்கள் செய்வது. நான் டயர் தேர்ந்தெடுத்தேன்.

பதினோரு டயர், பதினேழு தலைப்பு உள்ள ஒரு அட்டவணை. ரப்பர் எவ்வளவு மிருது, பக்கச் சுவர் எவ்வளவு விறைப்பு, எவ்வளவு பாரம் தாங்கும், வளைவில் எவ்வளவு பிடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ரப்பர் மிருதுவாக இருந்தால் தரையை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும் என்கிற அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதற்கு மேல் நாலு தசம ஸ்தானம் தெரிந்தது. மழைத் தரை என்ற தலைப்புக்கு நான் கொடுத்த மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் போட்டி மார்ச்சில். திருவனந்தபுரத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி மழைக்குப் பூஜ்யம் போட்டாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (அன்றைக்கு மழை வரவில்லை. வந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருப்பேன்.)

கடைசியில் ஒரு டயர் மற்ற பத்தையும் வெகுதூரம் பின்னால் தள்ளிவிட்டு ஜெயித்தது. இவ்வளவு வித்தியாசத்தில் ஒன்று ஜெயித்தால் ஆபீஸில் என்றால் சந்தேகப்பட்டிருப்பேன். வீட்டில் சந்தோஷப்பட்டேன்.

வரவழைத்து, ஷாஜி சேட்டன் கடைக்குப் போய் மாட்டச் சொன்னேன். அவர் இருபது வருஷமாக எங்கள் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறவர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். நாலையும் மாட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, எத்தனை நேரம் ஓட்டப் போகிறாய் என்று கேட்டார். ஒரு நிமிஷம் என்றேன்.

"மோளே, இது நல்லா சூடானாத்தான் பிடிக்கும். ட்ராக்கில நாலஞ்சு ரவுண்டு போறவனுக்குள்ள சாதனமாக்கும். ஒரு மினிட்டில இது கண்ணே திறக்காது, கேட்டோ. நல்ல ரோட்டு டயர் போட்டு, காத்து சரியா வச்சாப் போதுமாயிருந்து."

எல்லாம் கணக்குப் போட்டாச்சு சேட்டா என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அட்டவணையைத் திறந்தேன். 'சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம்' என்று ஒரு தலைப்பு இருக்கத்தான் இருந்தது. ஜெயித்த டயருக்கு மட்டும் அந்த விவரம் எங்கேயும் கிடைக்காததால் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்ய விநாடியில் சூடாகும் டயர். உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. அதைத்தான் நான் முதலிடம் கொடுத்து வாங்கியிருந்தேன்.

நிதானமான பெண் என்று எனக்கு வெளியில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு ஏற்றபடி நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். தப்பை ஒத்துக்கொள்ளலாம், அல்லது டயரைச் சூடாக்கலாம். இரண்டாவது சுலபமாகத் தெரிந்தது. பெரிய பந்தயங்களில் டயருக்கு மின்சாரப் போர்வை போர்த்துவார்கள். எனக்கு வேண்டியது வெப்பம், அந்த வெப்பம் வெளியே போகாமல் காக்க ஒரு போர்வை.

வெப்பத்துக்கு வெந்நீர்ப் பை. எங்கள் தெருவில் முட்டு வலி இல்லாத மாமி கிடையாது, ஆகவே வெந்நீர்ப் பை இல்லாத வீடும் கிடையாது. ஒரு மணி நேரத்தில் எட்டு சேர்ந்தன. எதற்கு என்று கேட்டவர்களிடம் ஒரு ஆபீஸ் காரியம் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மாமி ஒரு தைலக் குப்பியோடு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு முட்டும் போயாச்சாமே, ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்றாள். அம்மா அப்போது ஸ்டூலின்மேல் நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

போர்வைக்கு அப்பாவின் சபரிமலைக் கம்பளி ஒன்று, ரயிலுக்கு எடுத்துப் போகும் சால்வைகள் இரண்டு. நான்காவதுக்கு வீட்டில் மிச்சம் இருந்தது மடிக் கம்பளி. திவசம், விசேஷ நாள் என்றால் குளித்துவிட்டு அம்மா மட்டும் தொட்டு எடுக்கும் கம்பளி அது. மற்ற நாளில் உள் அறைக் கொடியில் தொங்கும், கோலால்தான் எடுக்க வேண்டும், கை பட்டால் அந்த ஆசாரச் சுத்தம், அதாவது மடி, போய்விடும். வீட்டிலேயே கனமான துணி அதுதான். வெப்பக் கடத்தல் குறைவு. பட்டியலில் எழுதும்போது 'கம்பளி, கறுப்பு' என்று மட்டும் எழுதினேன். அப்படி எழுதியதும் அதிலிருந்த மடி போய்விட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

போட்டியன்று காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தோம். நான், அப்பா, மூன்று ஃப்ளாஸ்க் கொதிநீர், முப்பத்தொரு வரி உள்ள சரிபார்ப்புப் பட்டியல். அத்திம்பேர் தன் பழைய காரில் வேடிக்கை பார்க்க வந்தார். நான் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் இரண்டு வெந்நீர்ப் பையை வைத்துக் கம்பளியைச் சுற்றி, சக்கரத்தின் ஓட்டைகள் வழியாக நாடா விட்டு இறுக்கிக் கட்டினேன். விசில் மாட்டிய போட்டி நடத்துநர் ஒருவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, காருக்குக் காய்ச்சலா என்று மலையாளத்தில் கேட்டார். நான் அவருக்கு ரப்பரின் வெப்பநிலை பற்றி விளக்கினேன். அவர் பாதியிலேயே போய்விட்டார்.

என் எண் பதினான்கு. பன்னிரண்டும் பதின்மூன்றும் வராததால் திடீரென்று என்னை அழைத்தார்கள். பட்டியலை எடுத்தேன். இருபத்து மூன்றாவது வரி: 'கம்பளி எடுக்கவும்'. வலது பக்கம் இரண்டையும் அவிழ்த்தேன், இடது முன் சக்கரத்தை அவிழ்த்தேன். விசில் மறுபடி ஊதியது. பட்டியலில் டிக் போட்டேன். ஒரே வரி, ஒரே டிக். நான்கு சக்கரத்துக்கு நான்கு வரி எழுத வேண்டும் என்று பம்பு ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த ஒரு நிமிடத்தில் எனக்குக் கிடைத்த தகவல்களையும் அவற்றை நான் புரிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். காரின் பின்பக்கம் கனமாக, தரையோடு ஒட்டின மாதிரி வந்தது. ஆஹா, இதுதான் மூன்று மாத ஆராய்ச்சியின் பலன் என்று நினைத்தேன். முதல் வளைவில் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. கியர் சரியாக விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். எனக்கு இத்தனை ஆதரவா என்று நெகிழ்ந்தேன். அத்திம்பேர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடிவந்தார். அந்த மனுஷரை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவரை அங்கேயே மனதார மன்னித்தேன். ஏதோ தீயும் வாசனை வந்தது. ரப்பர் பதத்துக்கு வந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

கோட்டைத் தாண்டி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் வரும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, பின்னாடி கிரிப் என்னமா இருக்கு தெரியுமோ" என்றேன்.

அப்பா காரின் பின்னால் கையைக் காட்டினார்.

இடது பின் சக்கரத்திலிருந்து மடிக் கம்பளி பாதி சுற்றியும் பாதி அவிழ்ந்தும் தரையில் நீண்டு கிடந்தது. அதன் நுனி, உருகிய ரப்பர் ஒட்டி, கருகிப் புகைந்தது. அதற்குள் வெடித்துப்போன ஒரு வெந்நீர்ப் பையும், நசுங்கிய இன்னொன்றும், ஆறு ஆரஞ்சுக் கூம்புகளும் சிக்கியிருந்தன. நடத்துநர் குனிந்து கூம்புகளை எண்ணினார். பிறகு, பாதையில் மல்லாந்து கிடந்தவற்றையும் போய் எண்ணிவிட்டு வந்தார்.

இரண்டாவது வாய்ப்பு ஒன்று கொடுத்தார்கள். அதற்குள் டயர் நாலும் ஆறிப்போய், கம்பளி நூல் ஒட்டிப் பூனை வால் மாதிரி இருந்தன. முதல் வளைவிலேயே கார் சுற்றித் திரும்பி, புறப்பட்ட இடத்தைப் பார்த்து நின்றது. இது போதாது என்று, ஆள் குறைவதால் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஓட்டலாம் என்று அறிவித்தார்கள். அத்திம்பேர் என் ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு, தன் பழைய காரில், பொன்முடி மலைக்குக் குடும்பத்தை அழைத்துப் போகிற அதே வேகத்தில், இரண்டாவது கியரை விட்டு மாறாமல், வளைவுக்கு வளைவு இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு சுற்றி வந்தார். ஒரு கூம்புகூட அசையவில்லை. தண்டனை விநாடிகளைக் கூட்டினால் அவர் என்னைவிட முக்கால் நிமிடம் முன்னால். அவர் டயரிலோ கோடுகள் தேய்ந்து, அவை இருந்ததற்கான அடையாளம்தான் மிச்சம்.

வீட்டில் அம்மா கம்பளியை வாசலிலேயே பார்த்துவிட்டாள். கத்தியிருந்தால் தேவலை.

"மடி போனா ஒரு முழுக்குப் போட்டா வந்துடும்டீ. ரப்பர் எப்படிடீ போகும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். 

சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே அப்பா முடிவைச் சொன்னார். சிவப்புக் கார் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளையின் பழைய கார் எனக்கு. நான் வாதாடினேன். ஒரு காலிக் கட்டத்தால் வந்த வினை, அதற்காக என்னைத் தண்டிப்பது நியாயமில்லை என்று காகிதத்தில் படம் போட்டுக்கூடக் காட்டினேன். அப்பா முழுவதையும் கேட்டார்.

"டயர் தப்பா வாங்கினதுக்கில்லை" என்றார். "பின்னாடி ஒரு கம்பளி இழுபட்டுண்டு வரது. ஊரே கத்தறது. நீ அதைக் கிரிப்புங்கறாய். சின்ன வண்டியை உன் கையில குடுத்தா நீ ஒசத்தியா ஏதானும் பண்ணுவாய். அந்தப் பழசுல ஒண்ணும் பண்ண முடியாது. மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. அத்திம்பேர் அந்த நேரம் பார்த்துத் தன் பழைய கார் சாவியை என் முன்னால் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் 'கிரிப்' என்ற சொல்லுக்கு வேறு உபயோகம் வந்துவிட்டது. உப்புமா வாணலியில் அடிப்பிடித்தால் அக்கா "கிரிப் நன்னா இருக்கு" என்பாள். அத்திம்பேரின் வேட்டி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டபோது அவர் பத்து வயது மகள் அதையே சொன்னாள். என்னை ஒரு பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போய்ப் பதிலே சொல்லாமல் மூன்று மாதம் இழுத்தடித்தபோது, அம்மாவே சொன்னாள்.

இப்போதைய நிலவரம். சிவப்புக் கார் அத்திம்பேர் வீட்டு வாசலில் நிற்கிறது. பந்தய டயர்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. அவற்றோடுதான் அவர் சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிறார், சத்தம் ஜாஸ்தி என்று குறை சொல்கிறார். மாமிகளுக்கு ஆறு வெந்நீர்ப் பை திரும்பிப் போயிற்று, இரண்டு புதிதாக வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் மடிக் கம்பளி புதிது, அது இருக்கும் அலமாரிக்குப் பூட்டு உண்டு. நான் பழைய காரில் இன்னும் இரண்டு போட்டிக்குப் போனேன். ஒன்றில் கடைசிக்கு முந்தின இடம், இன்னொன்றில் கடைசி.