சிவப்புக் காருக்கு ஒரு மாமியார்

உயிரே போனாலும் சிவப்புக் காரை விடுவதில்லை என்று டெல்பர்ட் க்ரெனெக் சபதம் செய்தார். அவர் உயிரை யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் பீக்கன் கொட்டை மரத்தைத் தன்னுடையது என்று வெட்டிச் சாய்த்த மகானுபாவர். வழக்கில் தோற்றார். நஷ்ட ஈடு கட்டமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். இப்போது ஜப்திக்கு ஆள் வரப்போகிறது.

டெக்சாஸ் சட்டத்துக்கோ இளகிய மனசு. குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வண்டியை விட்டுவைக்கும். இந்த வீட்டில் ஆள் இரண்டு, வண்டி மூன்று: அவருடைய பிக்கப், மனைவி பெர்னடின் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் கார், அப்புறம் கூரை திறக்கிற அந்தச் சிவப்புக் கார். அதில் ஓர் ஈ உட்காரவும் அவர் விட்டதில்லை. ஒருமுறை ஏறப்போன பெர்னடினையே, செருப்பில் மண் என்று இறக்கிவிட்டவர்.

"உன் காரைக் கொடுத்துடலாம் பெர்னி. நடந்து போனா உடம்புக்கு நல்லது."

"இருபது மைலா?"

"விடிகாலையில கிளம்பு."

பெர்னடின் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுல இன்னொரு ஆள் இருந்தா மூணும் தப்பும். எனக்கென்ன தெரியும், நீதான் மூளைக்காரன்."

மூளைக்காரர் துள்ளினார். "உங்கம்மா!"

அந்த அம்மாளை இத்தனை வருஷமாக வாசற்படி மிதிக்கவிடாதவரும் இவர்தான்.

"அம்மாவுக்கு ஓட்டத் தெரியாதே."

"வேற ஒருத்தர் அவங்களுக்காக ஓட்டினாலும் சட்டம் ஒத்துக்குமாம். வக்கீலே சொன்னாரு."

"நிஜமாவே இங்க குடியிருக்கணுமே..."

"இருக்கட்டும்! மாடி ரூமைக் கொடு!"

போன் செய்த அரை மணியில் மாமியார் வ்ளாஸ்டா வந்து இறங்கினாள். பெட்டியெல்லாம் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்ததாம். அது ஏன் என்று யோசிக்க மூளைக்காரருக்கு நேரமில்லை. கோர்ட்டில் கையைத் தூக்கிச் சத்தியம் செய்தார்: சிவப்புக் கார் என் மாமியார் போக வர; ஓட்டுபவன் நான்.

கார் தப்பியது. மறுநாள் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தால், முன் சீட்டில் வ்ளாஸ்டா.

"மாப்ளே, கூரையைப் போடு, முடி கலையுது. முதல்ல சர்ச்சுல பிங்கோ ஆட்டம். அப்புறம் கால் டாக்டர். சாயங்காலம் போல்கா டான்ஸ்."

"பெர்னி! நீ கூட்டிட்டுப் போயேன்!"

"நானா? அப்ப ஜட்ஜ் முன்னாடி நீ சொன்னது பொய்யாயிடுமே! ஜப்திக்காரங்க மறுபடி வரணுமா?" தன் காரில் ஏறி, ஒரு ஹாரன் அடித்துவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

டெல்பர்ட் கூரையைப் போட்டார். உட்கார்ந்தார். சாவியைச் செருகினார்.

"மெதுவாப் போ," என்றாள் மாமியார். வண்டி இன்னும் கிளம்பவேயில்லை.