கழுத்தில்லாத மயிலும் நீலாம்பரியும்

எண்பதுகள்ல, ஆரணியில ஒரு ஸ்கூல்ல நான் தற்காலிக வாத்தியார். அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கண்காட்சிக்கு கெட்டி அட்டை வாங்கணும்.

ஹெட்மாஸ்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. "கல்வி அதிகாரி வர்றாரு. பசங்களுக்கு பாடம் சொல்லித் தர்ற மாதிரி ஒரு விளையாட்டு பண்ணி வெய்யி. அவருக்கு புடிச்சா உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன்."

கணக்கு, பூகோளம் எல்லாத்தையும் மத்தவங்க அள்ளிக்கினாங்க. மிச்சம் இருந்தது சங்கீதம். எனக்கும் சங்கீதத்துக்கும் உள்ள சம்பந்தம், கல்யாணப் பந்தியில மேளக்காரங்க பக்கத்துல குந்தி சாப்பிட்டதோட சரி.

ஆராய்ச்சின்னா முழுசா பண்ணணும் இல்லையா? நாதஸ்வரக்காரர் ஒருத்தர் வூட்டுக்குப் போனேன்.

"எந்த ராகம் எந்த வேளைக்குன்னு சொல்லுங்க. கொஞ்சம் ஜல்தி."

"ஜல்தின்னு ஒரு ராகம் இல்லையே தம்பி."

அப்புறம் பாவம் பார்த்து, விடியறப்போ பூபாளம், தூங்க வெக்க நீலாம்பரி, நடுவுல இன்னும் சிலதுன்னு சொல்லி அனுப்பினாரு. தெருமுனை திரும்பறதுக்குள்ள நான் சங்கீத மேதை ஆயிட்டேன்.

ஆட்டம் தயார். தாயக்கட்டை உருட்டி ராகச் சீட்டு எடுக்கணும். காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வரிசையா சேக்கணும். கடைசியில நீலாம்பரிய கீழ வெக்கறவன் ஜெயிச்சான்.

கடையில கெடச்ச அட்டை ஊறின அப்பளம் மாதிரி வளைஞ்சிது. பக்கத்து வூட்டுல தறி போட்டிருந்த முனுசாமி அண்ணனைத் தேடிப் போனேன். அவர் இல்ல. மூலையில ஓட்டை ஓட்டையா போட்ட அட்டைங்க, நூல்ல கோத்து கட்டா கெடந்துச்சு. நல்ல கெட்டி.

"அண்ணி, இது பழசா?"

"பழசுதான் போல. எடுத்துக்க."

கோத்திருந்த நூலை அறுத்து, நடுவுலேர்ந்து வேணும்கறத உருவிக்கினு, மிச்சத்த முடிச்சு போட்டு வெச்சிட்டு வந்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு ராகத்து பேரை எழுதி சீட்டாக்கினேன். தறியில சேலைக்கு பூவும் மயிலும் விழறதே அந்த ஓட்டை அட்டைங்க வரிசையிலதான். ஆரணியில பொறந்த கொழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்னிக்கு மட்டும் தெரியல.

கண்காட்சி அன்னிக்கு அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?"

"நாதஸ்வரத்துல இருக்கே, அத ஞாபகப்படுத்தத்தாங்க சார்."

"பலே," ன்னு ஆட்டத்துக்கே உக்காந்துட்டாரு. எதிர்ல ஹெட்மாஸ்டர். அதிகாரிங்ககிட்ட தோக்கறது அவருக்கு கைவந்த கலை. சுத்தி சுத்தி தோத்துக்கினே வந்தாரு. கடைசியில அதிகாரி கையில நீலாம்பரி வந்து சேர்ந்துச்சு. கீழ வெச்சா அவருக்கு ஜெயம், எனக்கு பர்மனென்ட்.

அப்பதான் முனுசாமி அண்ணன் உள்ள வந்தாரு.

"வாத்தியாரே, நேத்து புது அட்டைய தறிமேல ஏத்தினேன். கல்யாணச் சேலை. மயிலு தலை முதுகுமேல குந்திகினு இருக்குது. கழுத்தக் காணோம். வூட்டுல கேட்டா, அட்டை உங்ககிட்ட இருக்குதாம்."

"அண்ணா, அப்புறம் பேசிக்கலாம்..."

அவர் எனக்காகவா வந்தாரு? மயிலுக்காக வந்தாரு. மேஜைமேல இருந்த சீட்டையெல்லாம் பொறுக்கிக்கினு, அதிகாரி முன்னாடி கைய நீட்டினாரு.

"ஐயா, உங்க கையில இருக்கறது மயிலோட கழுத்துங்க."

"இருப்பா, நான் ஜெயிக்கப் போறேன்."

"அப்புறமா ஜெயிச்சிக்கங்க. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்."

பதவிசா அந்தச் சீட்டை உருவிக்கினு போயிட்டாரு. அதிகாரி தன் வெறுங்கையைப் பார்த்தாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. ஹெட்மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்போ நான் தோக்கலைங்களா சார்?" ன்னாரு.

மயிலுக்கு கழுத்து வந்துடுச்சு. நான் தற்காலிகமாவே இருந்தேன்.

அதிகாரிய ஆட்டத்துக்கு உக்கார வெச்சா, அவர் ஜெயிச்சு முடிக்கற வரைக்கும் கதவை சாத்தி வெக்கணும்.