ஒன்பதாவது இணைப்பு

அன்பும் அதட்டலும் நிறைந்த அக்காவுக்கு, அட்டைப்பெட்டிக் கம்பெனியை ஒற்றை ஆளாய்த் தாங்கிக்கொண்டிருக்கும் தம்பி வணங்கி எழுதுவது.

அங்கே நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் நலமென்று நம்புகிறேன். இங்கேயும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பேனா கூசுகிறது.

விஷயம் டெலிபோன். நீ ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து போன் அடித்தால் எட்டுப் பேரும் தலையை நிமிர்த்தி உன் காலி நாற்காலியைப் பார்க்கிறோம், அது அடித்து அடித்து ஓய்கிறது. முப்பது வருஷப் பழக்கம் விடுமா? மூன்றாவது மணிக்குள் நீ எடுத்து, "பெட்டி இன்னிக்கே வந்துரும்" என்பாய். வராது என்று கேட்பவருக்கும் தெரியும், ஆனாலும் திருப்தியாக வைத்துவிடுவார். போன வாரம் சோப்புக் கம்பெனிக்காரர் நேரிலேயே வந்து, "கடையைச் சாத்திட்டீங்களோன்னு நெனச்சேன்" என்றார். இன்னொரு முறை போன் எடுக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். நம் பெட்டியில் பாதி அவருக்குத்தானே போகிறது!

அதனால் புது போன் சிஸ்டம் விசாரித்தேன். மூன்று பேர் வந்தார்கள். முதல் ஆள் தலைக்கு ஒரு லைசென்ஸ், மாதாமாதம் கட்டணும் என்றான். இரண்டாம் ஆள் தலைக்கணக்கு வேண்டாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவீர்களோ அதற்கு மட்டும் என்றான், "நாங்கதான் எடுக்கிறதே இல்லையே, அப்ப இனாமா?" என்று நம் கணக்கர் கேட்க, அவன் முகம் சுருங்கிவிட்டது. மூன்றாம் ஆள் மெஷினே இனாம் என்றான், எங்களுக்கு வாயெல்லாம் பல். அப்புறம் பார்த்தால் காத்திருக்க வைக்க ஒரு லைசென்ஸ், காத்திருப்பவருக்குப் பாட்டுப் போட ஒரு லைசென்ஸ், இன்னொரு மேஜைக்கு மாற்றிவிட ஒரு லைசென்ஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இத்தனையையும் நீ ஒருத்தி லைசென்ஸே இல்லாமல் செய்தாயே அக்கா! காத்திருப்பவரிடம் பாட்டுக்குப் பதில் பிள்ளையின் பரீட்சை மார்க்கை விசாரிப்பாய். மாற்றிவிடுவதென்றால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "டேய், உனக்குத்தாண்டா!" என்பாய், வாசல்வரை கேட்கும். முதலாளி என்ற மரியாதை எனக்கு அன்றே போச்சு. இப்போது எல்லோரும் சார் என்கிறார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை.

முதல் ஆள் பெயர்ப் பட்டியல் கேட்டான். ஒன்பது பெயர் சொன்னேன். ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இல்லாதவங்களுக்கு எதுக்கு சார் லைசென்ஸ்?" என்றான். "யாருய்யா இல்லாதவங்க? மக வீட்டுக்குப் போயிருக்காங்க!" என்று கத்திவிட்டேன். கணக்கர்தான் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

எப்படியோ, தீர யோசித்து இரண்டாம் ஆளுடையதே மலிவு என்று முடிவு செய்துவிட்டேன். இனி ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷினே பேசிக்கொள்ளும். நீ நிம்மதியாகக் காலை நீட்டி இரு. ஆபீஸ் விஷயமாக உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், பேத்திக்கு முத்தங்கள்.

உன் அடங்கிய தம்பி

பி.கு.: இத்துடன் வரும் பார்சலில் இருப்பது முதல் ஆளின் போன். ஒன்பதாவது லைசென்ஸ் உன் பெயரில்தான். எந்த ஊரிலும் நெட்டில் செருகினால் போதுமாம், ஆபீஸ் மணி அங்கேயே அடிக்கும். திங்கட்கிழமை காலையில் அடித்தால் அது சோப்புக்காரர். பெட்டி இன்னிக்கே வந்துரும் என்று சொல். வராது. ஆனாலும் நீ சொல்.