போர்ஷனில் இல்லாத சிறுத்தை

ஒரு காட்டில் செவந்தி என்றொரு கேளையாடு இருந்தது. பேர்தான் ஆடு, சாதியில் மான். சிறுத்தை தலை தெரிந்ததும் குரைத்துக் காட்டையே உஷார்ப்படுத்துவது அதன் பரம்பரை வேலை. குளத்தங்கரையில் காவல் நிற்கும். அதற்குக் கூலியாகக் கரையோரத்து இளம்புல் முழுக்க அதற்கே.

அந்தப் புல்லுக்கு வந்தது வினை. இனிமேல் குளத்தங்கரைக் காவலுக்கு இங்கிலீஷ் பாஸான சான்றிதழ் வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். சிறுத்தைக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு படிவம் நீட்டியிருப்பார்கள்.

வேறு வழியில்லாமல் செவந்தி இருவாச்சி மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் பறவை, உயரமான கிளையில் உட்கார்ந்துதான் பாடம் எடுப்பார். மாணவர்கள் எல்லாம் தரையில். டென்ஸ் மூன்று என்றார் மாஸ்டர். தினமும் நடப்பதற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு ஒன்று, இனிமேல் நடக்கப்போவதற்கு ஒன்று. ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். காட்டு பாஷையில் ஒரு வார்த்தை பேசினாலும் கழுத்தில் தேக்குப் பலகை தொங்கும். 'நான் காட்டு பாஷை பேசினேன்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.

பரீட்சை நாளும் வந்தது. செவந்தி எழுந்து நின்றது. எதிரே உண்ணிச்செடிப் புதருக்குள் ஒரு வால் ஆடியது. சிறுத்தை!

குரைக்க வாயெடுத்த செவந்திக்குப் புல் ஞாபகம் வந்தது. குரைப்பும் காட்டு பாஷைதானே! வாயை மூடிக்கொண்டது. இங்கிலீஷிலேயே சொல்லிவிடலாம், ஆனால் எந்த டென்ஸில்? சிறுத்தை தினமும் வருவதில்லை. வந்து முடிக்கவும் இல்லை. இனிமேல் வரும் என்றால், பாதி உடம்பு ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

"சார், டவுட்! நவ் ஹாப்பன்... விச் டென்ஸ்?"

"இப்ப நடந்துக்கிட்டு இருக்கறதா? அது அடுத்த டேர்ம். நம்ம போர்ஷன்லயே இல்ல" என்றார் மாஸ்டர். அவர் காட்டு பாஷை பேசலாம். பலகைகள் அவரிடம்தானே இருக்கின்றன!

"லெப்பர்டு கம்ஸ்" என்றது செவந்தி.

"வெரி குட்! தினமும் நடப்பது!" என்றார் மாஸ்டர். "லெப்பர்டு கம்ஸ்!" என்று வகுப்பே கோரஸ் பாடியது. ஒருவரும் நகரவில்லை.

"லெப்பர்டு கேம்!" என்று கத்திப் பார்த்தது. அதற்கும் கோரஸ். "லெப்பர்டு வில் கம்!" அதற்கும் கோரஸ். முள்ளம்பன்றி மட்டும் அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டது. புதரிலிருந்து இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

புல்லாவது மண்ணாவது என்று செவந்தி அடிவயிற்றிலிருந்து குரைத்தது. அடுத்த நொடி வகுப்பு காலி. குரங்கு மரத்தில், முள்ளம்பன்றி வளையில், கரடி பாறைக்குப் பின்னால்.

"காட்டு பாஷை! ஸ்டாண்ட் தேர்!" என்று மாஸ்டர் பலகையோடு பறந்து வந்தார். செவந்தி நல்ல பிள்ளை, நில் என்றால் நிற்கும். பலகையை மாட்டிவிட்டு அவர் கிளைக்குத் திரும்பியதுதான் தாமதம், சிறுத்தை பாய்ந்து கழுத்தைக் கவ்வியது.

கடக்!

கவ்வியது தேக்கை. "அய்யோ, என் பல்லு!" என்று அலறியது சிறுத்தை. மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. இறங்கி வந்து அதன் கழுத்திலும் ஒரு பலகையை மாட்டினார். அது வாயைப் பொத்திக்கொண்டு, பலகை ஆட ஆட ஓடியது.

செவந்தி ஃபெயில். கடைசி வரை, கோரஸில்கூட வாயே திறக்காத கரடி, ஒரு தப்பும் செய்யாததால் முதல் வகுப்பில் தேறிக் காவல் வேலைக்குப் போனது. அதற்குப் புல்லும் பிடிக்காது. செவந்தி அன்று முழுக்க அழுதது.

மறுநாள் காலை பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போன செவந்தி அப்படியே நின்றுவிட்டது. வகுப்பு மொத்தமும் கழுத்தை நீட்டிக்கொண்டு மாஸ்டர் முன்னால் காட்டு பாஷையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

"பலகை தீந்துபோச்சு! போங்க எல்லாரும்!" என்று மாஸ்டர் விரட்டினார். அதைக் கேட்டதும் செவந்தி தன் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தது.

நீதி: பாடம் கழுத்தைக் காப்பாற்றாது, பலகை காப்பாற்றும். ஆகவே பிள்ளைகளே, சிறுத்தை வருவதற்குள் ஒரு தண்டனையாவது வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.