இருப்பதிலேயே மோசமான வீடு

அப்பா கடைசியாகப் பேசியது ஒரு வாளியைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். “உங்கம்மா மூடி போட்ட வாளி வாங்கிட்டு வந்திருக்கா. வாளிக்கு எதுக்குடா மூடி? நீயே கேளு” என்றார்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல், “பல்லி விழாம இருக்கத்தான்” என்றது.

“இத்தனை வருஷத்துல எத்தனை பல்லி விழுந்திருக்குன்னு கணக்குச் சொல்லச் சொல்லு” என்றார் அப்பா. மகன் தீர்ப்புச் சொல்வதற்குள், “இரு, அடுப்புல பால் இருக்கு. அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டார்.

பால் பொங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்.

அவர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வீடு கம்பெனி வீடு. காரியமெல்லாம் முடிந்த பிறகு கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, மிகவும் வருத்தத்தோடு உட்கார்ந்து, மிகவும் வருத்தத்தோடு தேநீர் குடித்து, இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும் தூரம். அம்மா அந்தப் பக்கமே வந்ததில்லை.

கடைசிப் பெட்டியைக் கட்டும்போது அம்மா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். “ஒண்ணு சொல்லிடறேன்டா. நான் யாருக்கும் பாரமா இருக்கமாட்டேன். உங்க ஊர்ல வெளிப்பக்கமா, என் பென்ஷன்ல அடங்கற மாதிரி ஒரு சின்ன வீடா பாரு. தனியா இருந்துக்கறேன்.”

மகன், “சரிம்மா” என்றான்.

அம்மா எது சொன்னாலும் அவன் அப்படித்தான் சொல்வான். குடை எடுத்துக்கொண்டு போ என்றாலும் சரிம்மா, இந்தப் பெண்ணையே கட்டிக்கொள் என்றாலும் சரிம்மா. அம்மா கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள். அந்தப் பெட்டிக்கு அவ்வளவு கயிறு தேவையில்லை.

அம்மாவோடு ஊருக்கு வந்ததும், விஷயத்தைக் கேள்விப்பட்ட மனைவி அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“சரிம்மாவா? வாயில வேற வார்த்தையே வராதா உங்களுக்கு?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்பா சொன்ன வீடு, அப்பா சொன்ன திரைச்சீலைன்னு இருந்தவங்க. முதல் தடவையா தானா ஒண்ணு கேக்கறாங்க. நான் போய்க் குறுக்க நிக்கறதா?”

“அப்ப அத்தை தனியா போகட்டுமா?”

“ஐயோ, போகக்கூடாது.”

“அப்ப சொல்லுங்க.”

“நான் இருன்னு சொன்னா கடமைக்கு இருப்பாங்க. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில உக்காந்திருப்பாங்க. தானா மனசு மாறி இருக்கணும்.”

“தானா எப்படி மாறும்?”

மாற்றுவதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். அதை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

அவனுக்குப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடும் வேலை. ஊரின் எல்லாப் புறநகர்களும் அவனுக்கு எண்களாகத்தான் தெரியும். எந்த எண் கூட்டம், எந்த எண் நொண்டும், எந்த எண் மழை பெய்தால் பாதியிலேயே திரும்பிவிடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நல்ல இடங்கள் எவை என்று அவனைவிட யாருக்கும் தெரியாது. ஆகவே, கெட்ட இடங்களும்.

தெருமுனையில் ஒரு வீட்டுத் தரகர் இருந்தார். இடுப்பில் எந்நேரமும் ஒரு படி சாவி தொங்கும். அதனால் எல்லோரும் சாவிக்கொத்து என்றே கூப்பிட்டார்கள். அவருடைய கடையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஆணி.

“எங்கம்மாவுக்கு வாடகைக்கு வீடு வேணும்” என்றான் மகன். பிறகு குரலைத் தாழ்த்தினான். “ஆனா உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான வீடா காட்டணும். பாத்ததுமே வேண்டாம்னு அவங்க சொல்லிடணும். உங்க கமிஷனை நான் தந்துடறேன்.”

சாவிக்கொத்து சிரிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. காதுக்குள் ஒரு சாவியை விட்டுக் குடைந்துகொண்டு, “மோசம்னா எந்த மாதிரி மோசம் சார்? சத்தமா, இருட்டா, ஒழுகலா?” என்று கேட்டார்.

“சத்தத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

முதல் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். பக்கத்தில் என்றால், ரயிலில் போகிறவர் கை நீட்டினால் கொடியில் காயும் துண்டை எடுத்துக்கொள்ளலாம். அம்மா கூடத்தில் கால் வைத்ததும் ஒரு சரக்கு ரயில் வந்தது. ஜன்னல் நடுங்கியது. அலமாரிக் கதவு தானாகத் திறந்து மறுபடி சாத்திக்கொண்டது. சாவிக்கொத்தின் இடுப்பே கிலுகிலுவென்று ஆடியது.

ரயில் போய் முடியும்வரை மகன் அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

“பரவாயில்லையே” என்றாள் அம்மா. “வீட்டுல ஆள் நடமாட்டம் இருக்கற மாதிரி இருக்கு.”

“தூக்கம் வராதேம்மா?”

“அப்பா குறட்டையில தூங்கினவடா நான். இது எனக்குத் தாலாட்டு.” பிறகு அவனைத் திரும்பிப் பார்த்தாள். “நீ என்ன சொல்றே?”

பெரிய மனது பண்ணுகிற சமயம் இது என்று மகன் நினைத்தான். “உன் இஷ்டம்மா” என்றான்.

அம்மா ஒரு நிமிஷம் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றாள். “இன்னும் ஒண்ணு ரெண்டு பாத்துடலாம். அவசரம் என்ன?”

தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். தனியாகச் சாவிக்கொத்தைப் பிடித்து, “சத்தம் வேலைக்காகாது. மனுஷ வாடையே இல்லாத இடமா காட்டுங்க” என்றான். இடத்தையும் அவனே சொன்னான். நாற்பத்தொன்றாம் எண் பேருந்து முடிகிற இடம். அங்கே பேருந்து எப்போது வரும் என்பது அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. அந்த அட்டவணையைப் போட்டவனே அவன்தான்.

இரண்டாவது வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் காலி மனை. எதிரே கட்டி முடிக்காத ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் போகிற வழியில் படுத்ததாகத்தான் தெரிந்தது.

அம்மா வாசலில் நின்று மூச்சை இழுத்துவிட்டாள். “காத்துக்குக் குறைச்சலே இல்ல. பக்கத்து வீட்டுச் சண்டை காதுல விழாது.”

“பக்கத்து வீடே இல்லையேம்மா.”

“அதைத்தான் சொல்றேன். நீ என்ன சொல்றே?”

“நான் என்ன சொல்றது? இருக்கப்போறது நீ. உன் இஷ்டம்தான்.”

“சரி” என்று அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “இன்னொண்ணும் பாத்துடுவோம்.”

திரும்ப நாற்பத்தொன்றுக்காக நின்றார்கள். நாய் எழுந்து போய்விட்டது. வெயில் சாய்ந்தது. சாவிக்கொத்து ஒவ்வொரு சாவியாகத் துடைக்க ஆரம்பித்து எல்லாவற்றையும் துடைத்து முடித்தார். ஒருவழியாக வந்த பேருந்தின் ஓட்டுநர் மகனைக் கண்டதும் இயந்திரத்தையே நிறுத்திவிட்டு இறங்கினார்.

“ஆபீஸ்ல அட்டவணை போடறவர்தானே சார் நீங்க? வாங்க, வாங்க. உங்களை இந்த நிறுத்தத்துல ஒரு தடவையாவது நிக்க வச்சுப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

பேருந்திலிருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கைதட்டினார்.

“இது நீ விட்ட பஸ்ஸாடா?” என்று அம்மா கேட்டாள். “அப்ப எனக்குப் பயமே இல்லை. எப்படியும் வந்துடும்.”

வீட்டில் மனைவி தட்டு வைத்துக்கொண்டே கேட்டாள். “வீடு எப்படி இருந்தது அத்தை?”

“நல்ல வீடும்மா. நிம்மதியா இருக்கலாம்” என்றாள் அம்மா. சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் தண்ணீர் குடித்தான். காலி டம்ளரிலிருந்தும் கொஞ்ச நேரம் குடித்தான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் வழியிலேயே சாவிக்கொத்தின் கடைக்குப் போனான். “என்ன காட்டினாலும் பிடிக்குதுங்கறாங்க. உங்ககிட்ட இதைவிட மோசமா ஒண்ணுமே இல்லையா?”

சாவிக்கொத்து சுவர் ஆணிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி ஆணியில் கண் நின்றது. “ஒண்ணு இருக்கு. ஆனா அதை மனுஷங்களுக்குக் காட்டினதில்ல.”

மூன்றாவது வீட்டில், சமையலறைக் கதவைச் சாத்தினால்தான் அலமாரி திறக்கும்; அலமாரி திறந்திருந்தால் ஆள் வெளியே வர முடியாது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். குளியலறைக்கு வீட்டுக்காரரின் கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும். கூடத்தில் அந்த வீட்டுக்காரர் கைகட்டி நின்றிருந்தார்.

“ஆறு மணிக்கு மேல குழாய் திறக்கக்கூடாது. செருப்பு சத்தம் கேக்கக்கூடாது. சொந்தக்காரங்க வந்தா நின்னபடியே பேசிட்டு அனுப்பிடணும். சிரிக்கறதுன்னா ஜன்னலைச் சாத்திட்டுச் சிரிக்கணும்.”

“இருமல் வந்தா?” என்றான் மகன்.

“அடிக்கடி வருமா?”

இனி கவலையில்லை என்று மகனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மா சுவரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். “வெயில் உள்ள வராது. மனுஷனும் ஒழுங்குமுறையான ஆள். இதுவே இருக்கட்டும்” என்றாள்.

கைப்பையைத் திறந்து முன்பணம் வைத்திருந்த உறையை எடுத்தாள். எடுத்ததை உடனே கொடுத்துவிடவில்லை. வீட்டுக்காரரின் பக்கம் நீட்டியபடியே மகனைப் பார்த்தாள்.

“குடுத்துடட்டுமா?”

மகன் உறையையே பார்த்தான். குறுக்கே நிற்கக்கூடாது, குறுக்கே நிற்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டான்.

“உன் இஷ்டம்மா.”

அம்மா கொடுத்துவிட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை. பணிமனைச் சுவர்தான் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குப் போய், எல்லோருடையதும் இருந்த குவளையிலிருந்து தன் பல்துலக்கியை மட்டும் எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மாதம் பிறக்க இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

மனைவி அந்தக் குவளையையே கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். உள்ளே இரண்டு பல்துலக்கிகள் சாய்ந்து கிடந்தன.

“இப்பவும் சரிம்மாதானா?” என்றாள்.

அவன் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருமுனைக்கு ஓடினான். சாவிக்கொத்து கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்.

“அந்த முன்பணத்தை எப்படியாவது திருப்பி வாங்கிக் குடுங்க. என்ன சொன்னாலும் சரி, எவ்வளவு ஆனாலும் சரி.”

சாவிக்கொத்து மேசை இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்து வைத்தார். பிரிக்கப்படவே இல்லை.

“அந்த வீடு வாடகைக்கே இல்ல சார். அது என் மச்சான் வீடு. எனக்குத் தெரிஞ்ச மோசமான வீடெல்லாம் தீர்ந்துபோச்சு, வேற என்ன செய்ய? ஆனா அந்தச் சட்டதிட்டம் எதையும் நான் சொல்லிக்கொடுக்கல. அதெல்லாம் அவன் வீட்டுல நிஜமாவே நடக்கறதுதான்.”

மகன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். “உங்க மேல தப்பில்ல. பாத்ததும் பயந்துபோய் வேண்டாம்னு சொல்ற மாதிரி காட்டச் சொன்னேன், நீங்களும் காட்டினீங்க. அவங்கதான் ஒண்ணுக்கும் அசரல. அவங்களுக்கு எங்ககூட இருக்கவே பிடிக்கல போல.”

சாவிக்கொத்து உறையை அவன் பக்கம் நகர்த்தினார். பாதி இறக்கியிருந்த கதவை மறுபடி மேலே தள்ளிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

“தொழில்ல ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது சார். ஆனா நீங்க வர்றதுக்கு முந்தின நாளே அம்மா இதே நாற்காலியில வந்து உக்காந்து, ‘உன்கிட்ட இருக்கறதுலயே மோசமான வீடா காட்டுப்பா, ஏதாவது ஒரு வீட்டுலயாவது என் பையன் வேண்டாம்மா, நம்ம வீட்டுக்கே வந்துடுன்னு சொல்லுவான்’னு சொல்லிட்டுப் போனாங்க.”